நான்கு வாக்கியங்களில் ஒரே பெரியவர்

மார்ச் 4, திங்கள்

இன்று என் மேசைக்கு வந்திருக்கும் ஆங்கிலச் சொல் 'பிவில்டர்'. கூடவே அதன் குடும்பம்: பிவில்டர்ட், பிவில்டரிங், பிவில்டர்மென்ட்.

பழைய பதிப்பில் இதற்கு எதிரே ஒரு கும்பலே நிற்கிறது. திகைப்பு, குழப்பம், மலைப்பு, கலக்கம், தடுமாற்றம், மருட்சி, திணறல், பிரமிப்பு. எது எந்த இடத்துக்கு என்று ஒரு குறிப்பும் இல்லை. "தெரியாம வந்தவனைத் தெரியாமலே திருப்பி அனுப்பற பதிவு இது," என்றார் மேடம், எங்கள் ஆங்கிலம்–தமிழ் அகராதியின் தலைமைப் பதிப்பாசிரியர். "வேணுங்கற நேரம் எடுத்துக்கோ. ஆனா ஒரு கும்பலைக் கலைச்சுட்டு இன்னொரு கும்பலை நிறுத்தாதே."

முதலில் வாக்கியங்கள் எழுத வேண்டும். பிறகு உதை. பழைய வண்டி வாங்குகிறவன் டயரை உதைத்துப் பார்ப்பான் இல்லையா, அந்த உதை. எழுதியவர் தன் எடுத்துக்காட்டு வாக்கியங்களை எல்லோர் முன்னாலும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். மற்றவர்கள் அதிலுள்ள சொல்லைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகிப் பார்ப்பார்கள். எதைச் செருகினாலும் வாக்கியம் பொருந்தினால் அது எதையும் சொல்லவில்லை என்று அர்த்தம், குப்பைக்குப் போகும். செருகியது பொருந்தாமல் நொண்டினால் வாக்கியம் 'நின்றது', தேறிவிட்டது. உதைப்பதில் சூரர் மெய்ப்புப் பார்க்கும் கமா சார். அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது.

புதன்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம்: சொந்த வேலை.

அப்பா வாசற்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறார், புதனன்று அறுவை சிகிச்சை என்று எழுதியிருக்கலாம். எழுதினால் கேட்பார்கள். கேட்டால் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு கேட்பார்கள். அந்த முகத்தைப் பார்த்தால் நான் அழுதுவிடுவேன். வேண்டாம்.

மார்ச் 6, புதன்

நல்லபடியாக முடிந்தது. மருத்துவர் வெளியே வந்து கட்டைவிரலைக் காட்டினார். அம்மாவுக்கு அது போதவில்லை. "வாயால சொல்லுங்க டாக்டர்," என்றாள்.

மார்ச் 8, வெள்ளி

அப்பா சரியில்லை.

கால் அல்ல. கால் நன்றாக இருக்கிறதாம். அப்பா சரியில்லை.

மாலை நான் போனபோது, ஊசி போட வந்த சிஸ்டரிடம், சொட்டுமருந்து தொங்கும் கம்பியைக் காட்டி, "நேராப் பிடிங்க. சாயுது பாருங்க. கொஞ்சம் வலது பக்கம்... இன்னும் கொஞ்சம்... ம், அப்படியே நில்லுங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு. ஆயுள் முழுக்க நில அளவையாளராக இருந்தவர். அளவுக்கோல் பிடிக்கிற ஆளிடம் பேசுவது போலவே பேசினார். சிஸ்டர் பழகியவள் போல, "சரிங்க சார்," என்று சற்று நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் சிரித்துவிட்டேன். பிறகு கட்டிலின் ஓரம் உட்காரப் போனேன். அப்பா என்னைப் பார்த்து மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "இது உங்க இடம் இல்லைங்கம்மா. உங்க எல்லை அந்தக் கம்பியோட முடியுது."

உங்க. இல்லைங்கம்மா. என்னை 'ஊமைக்குசும்பு' என்று கூப்பிடுகிறவர்.

என்னப்பா இது. நான்தாம்ப்பா. நான்தான்.

அவருக்கு என்னைத் தெரியவில்லை. கோபம்கூட இல்லை. தகராறு பண்ண வந்திருக்கும் யாரோ ஒரு நிலச் சொந்தக்காரியிடம் பொறுமையாகப் பேசுகிற முகம்.

மார்ச் 9, சனி

மருத்துவர் விளக்கினார். பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு வயதானவர்களுக்கு இப்படி வருவதுண்டு. பகலில் தேவலாம், சாயங்காலம் ஆனால் கூடும். இது புத்தி பேதலிப்பு அல்ல. "பெரும்பாலும் சரியாயிடும்மா."

பெரும்பாலும். இந்தச் சொல்லுக்கு நான் பதிவு எழுதினால் இப்படி எழுதுவேன்: மீதியைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்று பணிவாகச் சொல்லும் சொல்.

அம்மா மீதியைக் கேட்டாள். "சரியாகாம போறவங்களும் இருக்காங்களா டாக்டர்?" மருத்துவர் அவளைப் பார்த்துச் சொன்னார்: "சில பேருக்கு நாளாகும். சில பேர் முழுசா பழையபடி ஆகறதில்ல. இப்பவே சொல்ல முடியாதும்மா."

வரும்போது அம்மா ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அதில் ஒருவர் மற்ற இருவரையும் யார் என்று கேட்கிறார்.

மார்ச் 10, ஞாயிறு

அப்பா அம்மாவிடம்: "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா, உங்க வீட்டுக்காரர் தேடுவாரு."

அம்மா: "அவரைத் தேடித்தான் நான் இங்க உக்காந்திருக்கேன்."

இதை எழுதும்போதுதான் அழுகை வந்தது. அங்கே இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது வரவில்லை.

மார்ச் 11, திங்கள்

வேலை செய்தேன். வேலை செய்யும்போது நன்றாக இருக்கிறது.

'பிவில்டர்' என்ற சொல்லுக்குள் வழி தவறச் செய்தல் இருக்கிறது. 'வில்டர்' என்று ஒரு பழைய வினை. ஆளில்லாக் காட்டுக்குள் திசை கெட்டுப்போவது அதன் பின்னால் நிற்கிறது. பக்கத்து வீட்டுச் சொற்களையும் பார்த்தேன். 'கன்ஃப்யூஸ்' என்பதன் வேர்ப்பொருள் சேர்த்து ஊற்றுதல்: பாலும் தண்ணீரும். 'பர்ப்ளெக்ஸ்' பின்னிப் பிணைதல்: சிக்கெடுக்க முடியாத நூல். ஆக ஒன்று கலந்துபோனது, ஒன்று சிக்கிக்கொண்டது, நம்முடையது தொலைந்துபோனது.

தமிழிலும் இந்த வித்தியாசங்கள் இல்லாமல் இல்லை. யாரும் வரிசைப்படுத்தி வைக்கவில்லை, அவ்வளவுதான். மலைப்பதற்கு எதிரில் ஏதாவது பெரிதாக இருக்க வேண்டும்: பெரிய வேலை, பெரிய தொகை. பிரமிப்பில் கொஞ்சம் சந்தோஷம் இருக்கிறது. பிரமித்தவன் வீட்டுக்குப் போய் நாலு பேரிடம் சொல்வான். தடுமாற்றம் காலிலும் நாக்கிலும் தெரியும். குழப்பத்தோடு ஒருவர் நாள் முழுக்க நடமாடலாம், சமைக்கலாம், கையெழுத்துப் போடலாம். திகைத்தவர் நின்றுவிடுகிறார். திகைத்துக்கொண்டே யாரும் நடப்பதில்லை.

பெயர்ச்சொல்லுக்குத் 'திகைப்பு' என்று முடிவு செய்தேன். வாக்கியங்கள் தாமாகவே வந்தன. இவ்வளவு சுலபமாக ஒருபோதும் வந்ததில்லை. நாளை உதை.

மார்ச் 12, செவ்வாய்

என்ன ஒரு நாள். ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

நீள மேசை. மேடம் ஒரு பக்கம், எதிரே கமா சார், எனக்குப் பக்கத்தில் பக்கத்து மேசைக்காரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எல்லாரையும் சாப்பிடச் சொல்லியே கொல்பவர். நான் படித்தேன்.

"மயக்கம் தெளிந்து கண் விழித்தவர் திகைப்புடன் சுவர்களைப் பார்த்தார்."

கமா சார் குழப்பத்தைச் செருகிப் பார்த்தார். சுவர்களைக் குழப்பத்தோடு பார்ப்பது சற்று நொண்டியது. "போகட்டும், நிக்குது," என்றார்.

"தன் மனைவியே அருகில் அமர்ந்திருப்பது தெரியாமல், யாரோ ஒரு பெண் என்று அவர் திகைத்தார்."

மேடம் நிமிர்ந்தார்.

"எது கதவு, எது ஜன்னல் என்று புரியாத முதியவரின் திகைப்பைக் கண்டு தாதி விளக்கைப் போட்டாள்."

"நல்லாத்தான் இருக்கு. அடுத்தது?"

"தான் இருப்பது எந்த இடம் என்று கேட்டுக்கேட்டுச் சலித்தவர், கடைசியில் திகைப்போடு மௌனமானார்."

அப்போதுதான் கமா சார் பேனாவை மேசையில் போட்டுவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, ஒரு பதிவுல ஒரே ஆள் ரெண்டு தரம் வரக் கூடாதுங்கறது நம்ம சட்டம். நீ என்னடான்னா, பாவம், இந்தப் பெரியவரை நாலு வாக்கியமா நிக்க வெச்சிருக்கே! அவரை வீட்டுக்கு அனுப்பி வையேம்மா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன்.

"அனுப்ப மாட்டேங்கறாங்க சார்," என்று வந்தது.

என் குரலா அது? யாரும் உதைக்கவில்லை. எனக்கே அந்த நிமிஷம்தான் தெரிந்தது. சத்தியமாக. நான் நான்கு வெவ்வேறு மனிதர்களைப் பற்றி எழுதியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து மேசைக்காரி என் முதுகில் கை வைத்தார். அப்புறம் என்ன, சொன்னேன். எல்லாவற்றையும். நான் பயந்த அந்த முகம் யாருக்கும் வரவில்லை. மேடம், "எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, அங்க யாரு இருக்கா இப்ப?" என்று வரிசையாகக் கேட்டார், ஏதோ மேற்கோளின் மூலத்தைச் சரிபார்ப்பவர் போல. கமா சார் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்: "கண்ணாடி போட்டிருக்காரா?"

"யாரு சார்?"

"அப்பா. கண்ணாடி போடறவரா? காது?"

"கண்ணாடி உண்டு. காதுக்கு மெஷின் வெச்சிருக்காரு."

"இப்ப போட்டிருக்காரா?"

நான் யோசித்தேன். அப்பாவின் முகத்தை நினைவில் பார்த்தேன். அந்த ஒற்றைக் கண் மூடிய முகம். மூக்கின் மேல் ஒன்றும் இல்லை.

"என் மாமனாருக்கு இதே மாதிரி ஆச்சும்மா," என்றார் கமா சார். "மனுஷனுக்குக் கண்ணும் தெரியல, காதும் கேக்கல. சுத்தி யார் யாரோ வந்து வாயை வாயை அசைக்கறாங்க. நல்லா இருக்கறவனே பயந்துடுவான். முதல்ல அதை மாட்டி விடு."

மேடம் என்னை அப்போதே எழுப்பி அனுப்பினார். "வார்த்தை எங்கயும் ஓடாது. போ."

கண்ணாடியும் காது மெஷினும் அம்மாவின் கைப்பையில் இருந்தன. கைக்குட்டையில் சுற்றி, சாவிக்கொத்துக்கும் கீழே. அறுவை அரங்குக்குள் கொண்டுபோகும் முன் கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள். "தொலைஞ்சிடப் போகுதேன்னு பத்திரமா வெச்சேன்டி," என்றாள் அம்மா. என்னால் அவளைக் குறை சொல்ல முடியவில்லை. வெறும் முகத்தோடு இருந்த அப்பாவை நானும்தானே இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாட்டிவிட்டோம். அதிசயம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் வெகு நேரம் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 13, புதன்

அம்மாவிடம் அப்பா: "ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டே?"

என்னிடம்: "நீங்க காலையில வந்தவங்கதானே?"

ஒருவர் கிடைத்துவிட்டார் என்று எழுதிக்கொள்கிறேன். எனக்குப் பொறாமையா? ஆமாம், கொஞ்சம்.

மார்ச் 14, வியாழன்

மேடம் என் நாளைப் பிளந்து கொடுத்திருக்கிறார். காலை மருத்துவமனை, மதியத்துக்கு மேல் அலுவலகம். கேட்காமலே. "சம்பளத்துல கை வெச்சிடாதீங்க மேடம்," என்று நான் வேடிக்கையாகச் சொன்னதற்கு, "உன் சம்பளத்துல கை வெச்சு எனக்கு என்ன மிஞ்சப் போகுது," என்றார்.

பக்கத்து மேசைக்காரி தினமும் அம்மாவுக்குச் சாப்பாடு அனுப்புகிறார். வேண்டாமென்று சொன்னேன். "நீ வேணாம்னா உனக்கு வேணாம். உங்கம்மா சொன்னாங்களா?"

நான் இந்த அலுவலகத்தில் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிறது. இவர்கள் யாருடைய வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. என்னைக் கேட்கக் கூடாது என்பதற்காக நான் கேட்காமல் இருந்திருக்கிறேன். மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

மார்ச் 15, வெள்ளி

கமா சார் மருத்துவமனைக்கு வந்துவிட்டார்! அம்மா வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு ஒரு மணி நேரம் கண்ணயரட்டும் என்று. கையில் செய்தித்தாள். அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினார், ஒவ்வொரு காற்புள்ளிக்கும் நின்று நின்று. நடுநடுவே, "இங்க ஒரு கமா விட்டுப் போச்சு, அயோக்கியப் பசங்க," என்றார்.

அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நீங்க அளவுச் சங்கிலி பிடிக்க வந்த ஆளா?" என்றார்.

கமா சார் என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். "இல்லைங்க ஐயா. நான் உங்க பொண்ணு ஆபீஸ்ல வேலை பாக்கறேன். ஆனா வேணும்னா சங்கிலியும் பிடிக்கறேன்."

"அதெல்லாம் எல்லாராலயும் முடியாது. தொய்வு விழக் கூடாது."

"எங்க தொழில்லயும் அதேதாங்க ஐயா."

இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 16, சனி

காலையில் நன்றாக இருந்தார். மாலை மறுபடி எல்லைத் தகராறு. கட்டில் கம்பியைப் பிடித்து உலுக்கினார். சிஸ்டர் ஓடி வந்தாள். வாதாடாதே என்று கமா சார் சொல்லியிருந்தார், நான் வாதாடவில்லை. ஜன்னல் திரையை விலக்கினேன், மெதுவாக என் பெயரைச் சொன்னேன், இது மருத்துவமனை என்றேன், கால் சரியாகிவருகிறது என்றேன். திரும்ப. திரும்ப. எனக்குப் பொறுமை எங்கிருந்து வந்தது? தெரியவில்லை. வந்தது.

போதும்ப்பா. வந்துடுங்க. போதும்.

மார்ச் 19, செவ்வாய்

நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அப்பா அம்மாவிடம் சொன்னது கேட்டது: "ஊமைக்குசும்பு வந்துட்டா பாரு. சத்தமே இல்லாம வருவா."

இன்று இதற்கு மேல் ஒன்றும் எழுத வேண்டாம்.

மார்ச் 23, சனி

வீடு. சக்கர நாற்காலியிலிருந்து கட்டில்வரை நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். கூடத்தின் நடுவில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். மறுபடியுமா?

"ஒட்டடை அடிக்கலியா நீங்க ரெண்டு பேரும்?" என்றார்.

மார்ச் 27, புதன்

சாயங்காலம் அப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். அந்த நாட்களைப் பற்றி நானாகக் கேட்பதில்லை. அவரே ஆரம்பித்தார்.

"நான் ரொம்ப அசிங்கமா எதாவது பேசினேனா?"

"இல்லப்பா. ரொம்ப மரியாதையா பேசினீங்க. அதான் பிரச்சினை."

சிரித்தார். அவருக்கு எல்லாம் மறந்துவிடவில்லை. துண்டு துண்டாக இருக்கிறதாம். கம்பி நினைவிருக்கிறது. யாரோ செய்தித்தாள் படித்தது நினைவிருக்கிறது.

"பயமா இருந்துச்சாப்பா?"

"பயம்னு இல்ல. எப்படிச் சொல்றது... ஒரு நிலத்துக்குப் போறோம். நாலு மூலையிலயும் கல்லு இருக்கு. எல்லாக் கல்லும் கண்ணுக்குத் தெரியுது. ஆனா நான் எங்க நிக்கறேன்னு மட்டும் தெரியல. கல்லு இல்லாட்டி பரவால்ல, புதுசா நட்டுக்கலாம். எல்லாம் இருக்கு, நான் மட்டும் வரைபடத்துல இல்ல."

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அதுல இன்னொண்ணு. நீங்க எல்லாரும் ரொம்ப உறுதியா இருந்தீங்க. இது ஆஸ்பத்திரி, இது ஜன்னல், நான் உங்க பொண்ணு. அவ்வளவு உறுதியா ஒருத்தர் பேசினாலே எனக்குச் சந்தேகம் வரும். நில விஷயத்துல பொய் சொல்றவன்தான் அப்படிப் பேசுவான்."

இருவரும் சிரித்தோம். அம்மா சமையலறையிலிருந்து, "என்ன ரெண்டு பேருக்கும் அப்படி ஒரு சிரிப்பு?" என்று கேட்டாள். அவளும் வந்து உட்கார்ந்தாள். திரும்பவும் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பால் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, உடனே திருப்பி மாட்டிவிட்டாள்.

மார்ச் 28, வியாழன்

நான் வெளியிலிருந்தே எழுதியிருக்கிறேன். என் நான்கு வாக்கியங்களிலும் பார்க்கிறவள் நான்தான். சுவரைப் பார்க்கும் முகம், மௌனமான முகம். உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகிறது என்று ஒரு வாக்கியம்கூட இல்லை.

கிழித்துப் போட்டேன். புதிய விளக்கம்: 'சுற்றிலும் உள்ளவை கண்ணுக்குத் தெரிந்தும், அவற்றுக்கு இடையே தன் நிலை எது என்று பிடிபடாமல் நின்றுவிடுதல், திகைப்பு.' குழப்பத்தில் பொருள்கள் கலந்துபோகின்றன. இதில் ஆள் தொலைந்துபோகிறார்.

பெயரடையான 'பிவில்டரிங்' வேறு மாதிரி நடந்துகொள்கிறது. 'பிவில்டரிங் சாய்ஸ்' என்றால் திகைப்பு அல்ல. கடையில் அடுக்கிக் கிடக்கும் ஐம்பது வகை சோப்பின் முன் நிற்பவன் ஒன்றும் தொலைந்துவிடவில்லை. அங்கே 'திணறடிக்கும்'. அளவு மிகுதிதான் அங்கே வேலை செய்கிறது. பழைய கும்பலிலிருந்து இரண்டு பேரை வைத்துக்கொண்டேன். மற்றவர்களைக் குறிப்பு எழுதி அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

உதை.

புதிய வாக்கியங்கள்: சந்தையில் அப்பாவின் விரலை விட்டுவிட்ட குழந்தை. முதல் நாள் வேலைக்கு வந்து, யாரும் உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டே இருக்கும் பெண். மொழி தெரியாத ஊர் ரயில் நிலையத்தில், அறிவிப்புப் பலகையின் கீழ் நிற்கும் பயணி. திணறடிக்கும் எண்ணிக்கையில் மருந்துகள்.

கமா சார் ரயில் நிலையத்தில் குழப்பத்தைச் செருகினார். பயணி குழம்பினால் தவறான ரயிலில் ஏறிவிடுவார். திகைத்தால் ரயிலை விட்டுவிடுவார். இரண்டும் வேறு வேறு கதை. வாக்கியம் நின்றது. மலைப்பைச் செருகினார். நிலையம் திடீரென்று பெரிதாகிவிட்டது. நின்றது.

"பெரியவர் எங்கம்மா? ஒரு வாக்கியத்துலயும் காணோமே."

"வீட்டுக்கு அனுப்பியாச்சு சார்."

இந்த முறை நிஜமாகவே எல்லோரும் சிரித்தோம். மேடம் சிரித்துக்கொண்டே பழைய தாளைக் கேட்டார். கிழித்துவிட்டேன் என்றேன். "மூணாவது எனக்கு ஞாபகம் இருக்கு. கதவு, ஜன்னல், விளக்கு. அதை மட்டும் சேர்த்துக்கோ. ஒரு தரம் வரலாம்." தானே எழுதிக் கொடுத்தார். ஒரு சொல் மாற்றியிருந்தார். 'திகைப்பைக் கண்டு' என்று நான் எழுதியிருந்தேன். அவர் 'திகைப்பை உணர்ந்து' என்று எழுதியிருந்தார்.

நன்றி என்று சொல்ல நினைத்தேன். தாளை வாங்கிக் கோப்பில் வைத்தேன். தேநீர் நேரத்தில் கமா சாரின் மாமனார் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். போன வருஷம் போய்விட்டாராம். ஆனால் அந்த முறை தெளிந்து வந்து, மூன்று வருஷம் பேரன்களோடு சீட்டாடினாராம். "ஏமாத்தித்தான் ஆடுவாரு," என்றார். அவர் மனைவியைப் பற்றி, இரண்டு பையன்களைப் பற்றி, வீட்டு மாடியில் வளரும் தக்காளியைப் பற்றி எல்லாம் சொன்னார். தேநீர் ஆறிவிட்டது. இத்தனை நாளாக இது எதுவும் எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 7, ஞாயிறு

நடைச்சட்டம் போய்க் கைத்தடி வந்துவிட்டது. மறுபரிசோதனையில் மருத்துவர் சுற்றி வளைத்துப் பல கேள்விகள் கேட்டார்: இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லுங்கள். அப்பா கடைசிவரை குறைத்துவிட்டு, "மிச்சம் ரெண்டு," என்று திருப்பிக் கொடுத்தார். சில பெயர்கள் மட்டும் வர நேரமாகிறது. அது இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் மருத்துவர். நாங்களும் அப்படியே நினைக்கிறோம்.

யாருக்கெல்லாம் நான் கடன்பட்டிருக்கிறேன் என்று நினைத்தபடி மொட்டைமாடியில் துணி காயப்போட்டேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த சிஸ்டரின் பெயர்கூடக் கேட்கவில்லை. அடுத்த முறை போகும்போது கேட்க வேண்டும்.

ஏப்ரல் 12, வெள்ளி

அப்பாவோடு சண்டை.

அலுவலகத்திலிருந்து வந்தால் வீடு திறந்து கிடக்கிறது. அம்மா பக்கத்து வீட்டில். அப்பா இல்லை. கைபேசி மேசை மேல். கைத்தடி இல்லை. எனக்கு எப்படி இருந்தது என்று எழுத முடியாது; அந்தச் சொல்லில் ஒரு மாதம் வேலை பார்த்தவள், இருந்தும் முடியாது. தெருமுனைவரை ஓடினேன். மருந்துக்கடையில் கேட்டேன். பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். ஒரு பெரியவர், கண்ணாடி, கைத்தடி, கொஞ்சம் சாய்ந்து நடப்பார் என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன்.

முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்திருக்கிறார்! கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி, முகம் முழுக்க நுரை, கடைக்காரரோடு அரட்டை.

"என்னப்பா இது! சொல்லிட்டு வரக் கூடாதா?"

"முடி வெட்டிக்க அனுமதி வாங்கணுமா?"

"போனை வெச்சிட்டு வந்திருக்கீங்க."

"போனுக்கு முடி வெட்டணும்னு தோணல."

கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா நுரைக்குள்ளிருந்து என்னைக் கூர்ந்து பார்த்தார். "வழி தெரியாம எங்கயாவது நிப்பேன்னு நெனச்சியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ஆமா, நெனச்சேன்," என்றேன்.

வழி முழுக்க அவர் முன்னால், நான் பின்னால். வேண்டுமென்றே சுற்றுவழியில் கூட்டிக்கொண்டு வந்தார், தனக்கு எல்லாத் தெருவும் தெரியும் என்று காட்ட. வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தது. "நான் உனக்கு அப்பனா, நீ எனக்கு அப்பனா?" என்றார். "இப்ப அதுவே சந்தேகமாத்தான் இருக்கு," என்றேன். அம்மா நடுவில் வந்தாள். இரண்டு பேரும் அவள் மேல் பாய்ந்தோம். "நல்லா இருக்குடி நியாயம்," என்று அவளும் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அவரவர் அறையில் சாப்பாடு. இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் வேண்டுமென்றே வானொலியைச் சத்தமாக வைத்திருக்கிறார். எனக்குப் பிடிக்காத நிகழ்ச்சி.

நான் போய்ப் பேசப்போவதில்லை. தப்பு அவருடையது. அவரே வரட்டும், நாளைக்கு வந்தாலும் சரி, அதற்கு மறுநாள் வந்தாலும் சரி. எனக்கு ஒன்றும் அவசரமில்லை.